ஒரே கார், நான்கு விடைகள்: டர்போ இல்லாத பெரிய எஞ்சினுக்கு ஆகும் செலவு

சுமார் 500 குதிரைத்திறன் தரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம், அதே காரை 650 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டுசெல்ல நினைத்தால் அதன் முன்னால் இருக்கும் வழிகள் அதிகமில்லை. எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டலாம். கொள்ளளவைத் தொடாமல் சுழற்சி வேகத்தைக் கூட்டலாம். டர்போ வைத்துக் காற்றை அழுத்தி அனுப்பலாம். மின்மோட்டார் ஒன்றைத் துணைக்குச் சேர்க்கலாம். இவற்றுள் முதல் இரண்டும், பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே நம்பியவை. எளிமையானவை என்று தோன்றும் இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையில் மிகவும் செலவு பிடிப்பது என்பதை எஞ்சினின் வெளித்தோற்றத்தைப் பார்த்து யாரும் ஊகித்துவிட முடியாது.

இந்த நான்கு வழிகளையும் ஒப்பிட முயல்பவர்கள் பொதுவாக நான்கு நிறுவனங்களின் நான்கு கார்களை எடுத்துக்கொள்கிறார்கள். எடை, கியர்பாக்ஸ், விலைக் கொள்கை என ஒவ்வொன்றும் மாறுபடுவதால், எஞ்சினின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2020 மாடலாகக் கொண்டுவந்த எட்டாம் தலைமுறை செவர்லே கார்வெட் இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. அதன் அடிப்படை வகையான ஸ்டிங்ரேயில் 6.2 லிட்டர் எல்டி2 என்னும் வி8 எஞ்சின் (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்டது) 495 குதிரைத்திறன் தருகிறது. 2023 மாடலாக வந்த இசட்06, 5.5 லிட்டர் எல்டி6 எஞ்சினால் 670 குதிரைத்திறனை எட்டுகிறது. 2024 மாடலான இ-ரே, ஸ்டிங்ரேயின் அதே எல்டி2-வை வைத்துக்கொண்டு முன்சக்கரங்களுக்கு 160 குதிரைத்திறன் மின்மோட்டாரைச் சேர்த்து, கூட்டாக 655-ஐத் தருகிறது. 2025 மாடலான இசட்ஆர்1-இல் 5.5 லிட்டர் எஞ்சினுக்கே இரண்டு டர்போக்களைப் பொருத்திய எல்டி7 இருக்கிறது. அதன் ஆற்றல் 1,064 குதிரைத்திறன். ஒரே நிறுவனம், ஒரே அடிப்படைக் கட்டமைப்பு, நான்கு விடைகள்.

டர்போ இல்லாத எஞ்சினின் எல்லையை வகுப்பது வளிமண்டலம். சிலிண்டருக்குள் காற்றைத் தள்ளுவதற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே கிடைப்பதால், ஒரு லிட்டர் கொள்ளளவு தரக்கூடிய முறுக்குவிசை ஏறக்குறைய நிலையானது; காற்றுக் குழாய்களின் நீளத்தையும் வால்வு திறக்கும் நேரத்தையும் எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் அது சிறிதளவே உயரும். எல்டி2 ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 103 நியூட்டன் மீட்டர் தருகிறது. பன்மடங்கு நுட்பமான எல்டி6 தருவது 114 மட்டுமே. டர்போ பூட்டிய எல்டி7-இல் இதே அளவு 206-ஐத் தொடுகிறது. ஆற்றல் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால், டர்போவைத் தொடாதவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கூடுதல் குதிரைத்திறனும் லிட்டரிலிருந்து வர வேண்டும், அல்லது சுழற்சியிலிருந்து வர வேண்டும்.

முதலில் லிட்டரைப் பார்ப்போம். செவர்லேயின் சிறிய வி8 வரிசையில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், 1955-இல் வந்த முதல் எஞ்சினிலிருந்து இன்றுவரை 4.4 அங்குலம், அதாவது 111.76 மில்லிமீட்டர். எஞ்சின் தொழிற்சாலையில் பிளாக்கைத் துளையிடும் இயந்திர வரிசை முழுவதும் இந்த ஓர் அளவைச் சுற்றியே அமைகிறது என்பதால், தலைமுறைகள் மாறினாலும் அதை எவரும் தொடத் துணிவதில்லை. எல்டி2-வின் சிலிண்டர் விட்டம் 103.25 மில்லிமீட்டர், ஆகவே இரு சிலிண்டர்களுக்கு நடுவே எஞ்சுவது எட்டரை மில்லிமீட்டர் உலோகம். 2006 மாடல் இசட்06-இல் வந்த 7 லிட்டர் எல்எஸ்7 எஞ்சினில் அந்த இடைவெளி 7 மில்லிமீட்டராகச் சுருங்கியது. சிலிண்டரின் உள்சுவர், ஹெட் கேஸ்கெட் அழுந்தி அடைக்க வேண்டிய இடம் ஆகிய எல்லாமே அந்த 7 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

விட்டத்தைக் கூட்ட இடமில்லையென்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டலாம். எல்எஸ்7 அதையும் செய்தது, 101.6 மில்லிமீட்டர். விளைவாக நிமிடத்துக்கு 7,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 23.7 மீட்டரைத் தொட்டது. சாலையில் ஓடும் கார்களுக்கு 25 மீட்டர் என்பது ஏறத்தாழ உச்சவரம்பு என்பதால், 505 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சினில் மேலும் சுரண்ட அதிகம் மிச்சமில்லை. வால்வுகளை நீண்ட தண்டுகளால் தள்ளித் திறக்கும் எளிய புஷ்ராடு எஞ்சினாக இருந்தும் அதற்குப் பிஸ்டன்களைத் தாங்கும் டைட்டானியம் கனெக்டிங் ராடுகளும் டைட்டானியம் உள்வால்வுகளும் தேவைப்பட்டன. அதற்கு மேலும் லிட்டர் வேண்டுமென்றால் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். டாட்ஜ் வைப்பர் அப்படித்தான் 10 சிலிண்டர்களும் 8.4 லிட்டருமாக வளர்ந்து, 645 குதிரைத்திறனில் 2017-இல் முடிந்துபோனது. விட்டம் பெரிதாகும்போது தீப்பொறியிலிருந்து சிலிண்டரின் ஓரம்வரை சுடர் பரவ நேரம் பிடிப்பதும், ஓரத்தில் காத்திருக்கும் எரிகலவை அதற்குள் தானாக வெடித்துத் தட்டல் உண்டாவதும், பிஸ்டனின் ஓர இடுக்குகளில் எரியாமல் தங்கும் எரிபொருள் புகையோடு வெளியேறுவதும் இந்த வழியின் கூடுதல் தொல்லைகள்.

இவ்வளவு எல்லைகள் இருந்தும் பெரிய புஷ்ராடு எஞ்சின் மலிவானது. எல்டி2-வில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று. அதுவும் பிளாக்கின் நடுவில், இரு வரிசைச் சிலிண்டர்களின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. வால்வுகள் 16. வால்வு இடைவெளியை, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும்போது நான்கு சிலிண்டர்கள் அணைந்துவிடுகின்றன. பெரிய எஞ்சினைக் குறைந்த சுமையில் ஓட்டும்போது, பாதி மூடிய திராட்டில் என்னும் காற்றுக் கதவு வழியாகக் காற்றை இழுக்கவே அது வீணாக்கும் ஆற்றலில் ஒரு பகுதி இதனால் மீள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பிக்அப் டிரக்குகளிலும் பெரிய எஸ்யூவிகளிலும் லட்சக்கணக்கில் போகின்றன. 2023 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆறாம் தலைமுறைச் சிறிய வி8-க்காக ஃபிளிண்ட் எஞ்சின் ஆலைக்கு மட்டும் 57.9 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலைக்கு 88.8 கோடி டாலரை அறிவித்தது. கார்வெட் மட்டுமே அந்த எஞ்சின்களை வாங்குவதாக இருந்தால் எந்த நிதி அதிகாரியும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டார். டிரக் வாங்குபவர் கட்டும் விலையில்தான் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினின் வார்ப்பு அச்சுகளுக்கும் இயந்திர வரிசைக்கும் ஆன செலவில் பெரும்பங்கு அடைகிறது. முதல் ஸ்டிங்ரேயை 60,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்க முடிந்ததன் அடிப்படை இதுவே.

எளிய எஞ்சின் என்பதால் தவறே நேராது என்று கொள்வதற்கில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த 6.2 லிட்டர் எல்87 டிரக் எஞ்சின்களில் கிராங்க்‌ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாடுகளுக்காக 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. செலவைப் பங்கிட உதவும் அதே பேரெண்ணிக்கை, பிழையையும் பெருக்கிவிடுகிறது.

இனி சுழற்சி. எல்டி6-இன் கொள்ளளவு எல்டி2-வைவிட 0.7 லிட்டர் குறைவு. ஆனால் அது 8,600 சுற்றுவரை போகிறது, எல்டி2 நிற்பது 6,600-இல். பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. அதனால்தான் பிஸ்டன் நகரும் தூரம் 92-இலிருந்து 80 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. அப்படிக் குறைத்தும்கூட, உச்ச வேகத்தில் பிஸ்டனின் முடுக்கம் எல்டி2-வில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரை மடங்கைத் தாங்குவதற்காகவே மற்ற எல்லாச் செலவும் செய்யப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. எஃகுக்குப் பதில் டைட்டானியம் கனெக்டிங் ராடுகள்; டைட்டானியம் உள்வால்வுகள், சோடியம் நிரப்பிய வெளிவால்வுகள்; ஒன்றுக்குப் பதில் நான்கு கேம்ஷாஃப்ட்கள், 16-க்குப் பதில் 32 வால்வுகள். ஹைட்ராலிக் லிஃப்டர் இந்த வேகத்துக்குத் தோதுப்படாது என்பதால் வால்வு இடைவெளியை ஆலையிலேயே மெல்லிய உலோகத் தகடுகளால் அளந்து வைத்து, எஞ்சினின் ஆயுள் முழுக்க அது மாறாதபடி அமைத்திருக்கிறார்கள். அளந்து வைப்பது என்றால் ஆள் வேண்டும். கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலையில் ஒவ்வொரு எல்டி6-ஐயும் ஒரே தொழில்நுட்பர் தொடக்கம் முதல் இறுதிவரை கையால் பூட்டுகிறார்.

கிராங்க்‌ஷாஃப்டும் மாறியது. வழக்கமான அமெரிக்க வி8-இல், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் முனைகள் குறுக்காகச் சிலுவை வடிவில் இருக்கும். அது அதிர்வை அடக்கும், ஆனால் எதிர்எடைகள் கனமானவை. எல்டி6-இல் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் அமைந்திருப்பதால் கிராங்க் இலகுவாகிறது. இரு பக்கச் சிலிண்டர்களும் மாறிமாறி வெடிப்பதால் புகைக்குழாய்களின் ஓட்டமும் சீராகிறது. பதிலாக, சுழற்சியின் இரட்டை வேகத்தில் எழும் அதிர்வு அடங்காமல் நிற்கிறது. கொள்ளளவு கூடக்கூட இந்த அதிர்வும் கூடும்; ஃபெராரி போன்ற நிறுவனங்கள் இந்த வகையை 4.5 லிட்டர் அளவில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, ஃபோர்டு மஸ்டாங் ஜிடி350-இல் 5.2 லிட்டரில் அதைச் செய்தது. 2015-இல் தொடங்கி 2020-இல் அது முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன என்பதே இந்த ஒப்பீட்டின் மையம். ஆற்றல் 495-இலிருந்து 670 ஆகிறது. முறுக்குவிசையோ 637 நியூட்டன் மீட்டரிலிருந்து 623-ஆகக் குறைகிறது. அதாவது ஊருக்குள் ஓட்டும்போது, 6,000 சுற்றைத் தொடாத ஓட்டத்தில், மலிவான பெரிய எஞ்சின் விலையுயர்ந்த எஞ்சினுக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. நகர ஓட்டத்தில் ஸ்டிங்ரே கேலனுக்கு 16 மைல் தரும் இடத்தில் இசட்06 தருவது 12 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 5 கிலோமீட்டரை ஒட்டியது. சோதனையில் கேலனுக்கு 22.5 மைலை எட்டாத கார்களுக்கு அமெரிக்கா விதிக்கும் தனி வரி வேறு வந்து சேர்கிறது. இசட்06-இன் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதற்கு அகலமான உடலும் பிரேக்குகளும் டயர்களும்கூடக் காரணம்தான். ஆனாலும் பெரும்பங்கு எஞ்சினுடையது என்று நான் கருதுகிறேன். குறைந்த எண்ணிக்கையில், டிரக் வரிசையோடு எதையும் பெரிதாகப் பகிராமல், கையால் பூட்டப்படும் எஞ்சின் வேறு எப்படி இருக்க முடியும்?

எண்ணிக்கை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரு எல்லைகளிலும் சான்று உண்டு. லெக்ஸஸ் எல்எஃப்ஏ காருக்காக டொயோட்டா, யமஹாவுடன் சேர்ந்து 4.8 லிட்டர் வி10 ஒன்றை உருவாக்கியது. 9,000 சுற்றைத் தொடும் அந்த எஞ்சின் வேறெந்தக் காருக்கும் போகவில்லை, செய்யப்பட்ட கார்கள் 500 மட்டுமே. அமெரிக்காவில் 3,75,000 டாலர் விலை வைத்தும் அது கணக்குப் பார்த்துச் செய்த வணிகமாக இருந்திருக்க இயலாது. மறுபுறம், மெர்சிடிஸ் ஏஎம்ஜி தானே முழுமையாக வடிவமைத்த 6.2 லிட்டர் எம்156 எஞ்சின், சி வகுப்பு முதல் எஸ் வகுப்பு வரை பல கார்களில் இடம்பிடித்துத் தன் செலவைப் பரவலாக்கிக்கொண்டது. அப்படியிருந்தும் எரிபொருள் விதிகளின் முன் அது நிலைக்கவில்லை, 5.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்தது. எல்டி6-க்கு இந்த இரண்டு கதியும் நேராமல் காத்தவை இரண்டு. ஒன்று பந்தயம்: 5.5 லிட்டர் ஒருதளக் கிராங்க் எஞ்சின், சாலைக்கு வரும் முன்பே 2020 ஜனவரியில் டேடோனா பந்தயத்தில் சி8.ஆர் பந்தயக் காரில் ஓடியது. மற்றது, எல்டி7-ஐயும் எல்டி6-ஐயும் இரட்டைப் பிள்ளைகளாகவே சேர்த்து வடிவமைத்தது.

அந்த இரண்டாவது பிள்ளை மூன்றாம் வழியைக் காட்டுகிறது. டர்போ வரும்போது, பிஸ்டன் எரிகலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்னும் அழுத்த விகிதம் 12.5-இலிருந்து 9.8-க்கு இறங்குகிறது, உச்ச ஆற்றல் வரும் சுழற்சி 8,400-இலிருந்து 7,000-க்கு இறங்குகிறது, ஆற்றலோ 670-இலிருந்து 1,064-க்கு ஏறுகிறது. குதிரைத்திறன் ஒன்றுக்கு இவ்வளவு செலவு என்று பார்த்தால் இதற்கு நிகர் வேறில்லை. ஃபெராரி 2015-இல் 458-இன் 4.5 லிட்டரை விட்டு 488-இன் 3.9 லிட்டர் டர்போவுக்கு மாறியபோது முறுக்குவிசை 540-இலிருந்து 760 நியூட்டன் மீட்டர் ஆனது. அதுவும் 3,000 சுற்றிலேயே கிடைத்தது. சுமைகளும் உண்டு: அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கூடுதல் ரேடியேட்டர், வெப்பத் தடுப்புகள், அவற்றுக்குக் காற்று கொண்டுசேர்க்க உடலில் துளைகள். காற்றை அழுத்தினால் சூடாகும் என்ற உண்மையிலிருந்து தப்ப முடியாது. எஞ்சினே சுழற்றும் காற்றழுத்தியான சூப்பர்சார்ஜருடன் வந்த முந்தைய தலைமுறை இசட்06, வெயில் நாட்களில் பந்தயத் தடத்தில் சூட்டால் திணறுகிறது என்ற பேச்சு பரவலாக எழுந்தது. அதற்கு அடுத்த இசட்06 டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல் வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

டர்போவின் பக்கம் நிறுவனங்களைத் தள்ளுவது பொறியியல் மட்டுமன்று, வரியும்கூட. நம்மூரில் சின்னக் கார்களின் எஞ்சின்கள் 1,197, 1,199 சி.சி. என்று 1,200-ஐத் தொடாமல் நிற்பது ஏன் என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இத்தாலியில் 2 லிட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு ஒரு காலத்தில் இருந்த கடும் வரியால், ஃபெராரியே 1982-இல் 1,991 சி.சி. டர்போ எஞ்சினோடு 208 காரை விற்றது. சீனா 2008 முதல் 4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு 40 விழுக்காடு நுகர்வு வரி விதிக்கிறது. ஐரோப்பிய டர்போ வி8-கள் பலவும் 4 லிட்டருக்கு மயிரிழை கீழே அமைந்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவனத்தின் சராசரிக் கரியமில வாயு இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்கும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். அங்கே விற்கப்படும் இசட்06-இல் துகள் வடிகட்டி பொருத்த வேண்டியிருந்ததால் 30 குதிரைத்திறனுக்கு மேல் குறைந்தது. அடக்கமாட்டாத அந்தக் குரலும் சற்றுத் தாழ்ந்தது. டர்போ இல்லாத எஞ்சினை வாங்குபவர் எதற்காகக் கூடுதல் விலை தருகிறாரோ அதையே இந்த விதிகள் முதலில் தீண்டுகின்றன.

நான்காம் வழியான இ-ரே, கவர்ச்சியில் கடைசியாகவும் கணக்கில் முதலாவதாகவும் நிற்கிறது. எஞ்சினில் புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை, 1.9 கிலோவாட் மணி பேட்டரி மிகச் சிறியது. நகர எரிபொருள் கணக்கு ஸ்டிங்ரேயினுடையதாகவே இருக்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட நிறுவனத்தின் கணக்குப்படி 2.5 விநாடி, இசட்06-க்கு 2.6. எஞ்சின் மெதுவாக விழித்தெழும் குறைந்த சுற்றுகளில் மோட்டார் உடனே தள்ளுகிறது, ஆகவே பெரிய எஞ்சினின் இயல்பு கெடாமல் அதன் குறை மட்டும் மறைகிறது. விலையாகத் தர வேண்டியது எடை: இசட்06-ஐவிட ஏறத்தாழ 150 கிலோ கூடுதல். தொடர்ந்து பல சுற்றுகள் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் அந்தச் சிறு பேட்டரியின் எல்லையை விரைவில் கண்டுகொள்வார்.

லம்போர்கினியும் இதே கணக்கைத்தான் போட்டது, அதன் பாணியில். 2023-இல் வந்த ரெவுவெல்டோவில் 6.5 லிட்டர் வி12-ஐக் கைவிடாமல், அதை 218 கிலோவாக இளைக்கவைத்து, மூன்று மின்மோட்டார்களைச் சேர்த்தது. அதைவிட மலிவான டெமராரியோவுக்கு வந்தபோது, 5.2 லிட்டர் வி10-ஐ விட்டுவிட்டு 4 லிட்டர் டர்போ வி8-உடன் மோட்டார்களை வைத்தது. விலை உச்சத்தில் இருக்கும் காருக்கு ஒரு விடை, அதற்கு அடுத்த படிக்கு வேறு விடை.

ஆகவே, டிரக்குகளோடு பகிர ஒரு வி8 வரிசையை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனம் என்றால், அதன் பெரிய, மெதுவாகச் சுழலும் எஞ்சினையே வைத்துக்கொண்டு மோட்டாரைச் சேர்ப்பதே என் பரிந்துரை. அப்படி ஒரு வரிசை இல்லாதவர், கொள்ளளவு வரி உள்ள சந்தைகளில் விற்பவர், டர்போவுக்குப் போவதைத் தவிர்க்க இயலாது. உயர்சுழற்சிப் பேரெஞ்சினைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் வரைபடம் தொடங்கும் முன்பே, அந்தப் பிளாக்கையும் ஹெட்டையும் பகிர்ந்துகொள்ளப்போகும் இரண்டாவது எஞ்சின் எது, அது எந்தக் காரில் எத்தனை ஆண்டுகள் விற்கும் என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும். செவர்லேயிடம் அந்த விடை இருந்தது: 2026 மாடலாக அறிவிக்கப்பட்ட இசட்ஆர்1எக்ஸ், எல்டி7-ஐப் பின்னாலும் மின்மோட்டாரை முன்னாலும் வைத்து 1,250 குதிரைத்திறனைத் தொடுகிறது; எல்டி6-க்காகப் போட்ட முதலில் ஒரு பங்கு இப்போது அந்தக் காரின் விலைப்பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.